மந்தரத்துக்கு ஓர் இடம்

நாற்பதைத் தாண்டிய நம்மில் பலர் இளையராஜாவின் பேஸ் கிடாரைச் சரியாகக் கேட்காமலேயே பல ஆண்டுகள் நேசித்தவர்கள். டிரான்சிஸ்டரின் மூன்றங்குல ஸ்பீக்கர், டீக்கடையின் டேப் ரெக்கார்டர், கோயில் கொடைக்குக் கம்பத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் எல்லாமே 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேஸ் கிடாரின் நான்கு கம்பிகளோ விரல் வைக்காமல் மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. அந்த அடிப்படை அதிர்வு அந்தப் பெட்டிகளை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஆனாலும் அந்த வரிசைகளை முணுமுணுத்தோம். பல்லவி முடிந்து இடையிசைக்குள் நுழையும்போது பேஸ் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

காதுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. 55 ஹெர்ட்ஸ் கம்பி அதிரும்போது 110, 165, 220 என அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. சின்ன ஸ்பீக்கரால் அந்த மடங்குகளை மட்டுமே தர முடியும். அவற்றுக்கிடையே உள்ள சீரான இடைவெளியைக் கொண்டு, வந்துசேராத 55-ஐ மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. ஜெர்மனியின் ஸேபெக் 1840களில் சைரன்களை வைத்து இதைக் கவனித்தார். நெதர்லாந்தின் ஸ்கௌட்டன் 1940 வாக்கில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆக, நாம் சுருதியைத் தப்பாமல் பிடித்திருந்தோம். கிடைக்காமல் போனது கனம். சுருதி மூளைக்குள்ளேயே உண்டாகிவிடலாம். நெஞ்சுக்கூட்டிலும் இருக்கையின் முதுகிலும் வந்து தங்குகிற அழுத்தத்தைக் காற்றுதான் கொண்டுவர வேண்டும்.

காருக்குச் சப்வூஃபர் தேர்ந்தெடுப்பதை நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன். விற்பவரும் வாங்குபவரும் அதை அதிர வைக்கும் சாமானாகவே பேசிப் பழகிவிட்டார்கள். எனக்கு அது, பாட்டிலிருந்து விடுபட்டுப்போன ஒரு வரியைத் திருப்பித் தருகிற கருவி. எத்தனை அங்குலம், எந்தப் பெட்டி, எத்தனை வாட் என்ற கேள்விகள் இதற்குப் பிறகே வருகின்றன. முதல் கேள்வி, அந்த வரி வாசித்தவர் வாசித்தபடியே திரும்பி வருகிறதா என்பது.

1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் நினைவில் நிற்பது கிடாரும் பாலசுப்ரமணியத்தின் குரலும். அவற்றுக்குக் கீழே பேஸ் கிடார் தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. தாளத்தைத் தாங்குவதோடு அது நிற்பதில்லை. குரல் நீட்டி நிற்கும் இடங்களில் நகர்கிறது, குரல் நகரும்போது ஒதுங்குகிறது. இளையராஜாவின் குழுவில் பல்லாண்டு பேஸ் கிடார் வாசித்த சசிதரனின் விரல்களிலிருந்து வந்த இப்படிப்பட்ட வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவையும் அப்படித்தான். இவர்கள் பெயரைத் தமிழ் ரசிகர்களில் பெரும்பாலோர் அறியாமல் இருப்பதற்கு, நாம் கேட்ட ஸ்பீக்கர்களும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

வீட்டில் இதற்கென ஓர் அறையும் நேரமும் வாய்ப்பது இப்போது அரிது. கார்தான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழுப் பாட்டைக் கேட்க வழிவிடுகிற இடமாக மிஞ்சியிருக்கிறது. ஆனால் ஓடும் காரில் பாட்டின் கீழ்ப்பகுதிதான் முதலில் அடிபடும். டயரும் சாலையும் இன்ஜினும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலின் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரைச்சல் பேஸை மூடிவிடுகிறது. குரலையும் ஜால்ராவையும் விட்டுவைக்கிறது. கதவில் உள்ள ஆறங்குல ஸ்பீக்கரை எவ்வளவு திருகினாலும் மேல் பகுதிதான் காதைக் குத்தும். காரில் சப்வூஃபர் ஆடம்பரம் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ வேறு ஊர்களின் கார் அலங்காரக் கடைகளிலோ சப்வூஃபரைப் போட்டுக் காட்டும் விதம் ஒன்று உண்டு. நிற்கிற கார், திறந்த டிக்கி, நான்கு கதவும் விரியத் திறந்திருக்கும். ஒரே தாளத்தில் இடிக்கிற ஒரு டிராக் ஓடும். பக்கத்துக் கடைப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தச் சோதனையில் எதுவுமே தெரியவராது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். ஓடும்போது வரும் இரைச்சல் அங்கே இல்லை. அதைவிட முக்கியமாக, கதவு திறந்த கணத்தில் கார் ஓர் இசைக்கூடமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். நம் சிறிய கார்களின் உட்புறமோ முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை மூன்று மீட்டர்கூட வராது. அலை விரிந்து ஓட அங்கே இடமில்லை. அப்போது சப்வூஃபரின் கோன் முன்னே தள்ளும் ஒவ்வொரு தள்ளலும் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றையும் ஒரேயடியாக அழுத்தித் தளர்த்துகிறது. ஏறத்தாழ 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, காரே பேஸை உயர்த்திக் கொடுக்கத் தொடங்கும். கணக்குப்படி ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் 12 டெசிபெல். தகடு நெளிவதாலும் காற்றுக் கசிவதாலும் நடப்பில் கொஞ்சம் குறையும். எப்படியானாலும் கதவு மூடிய காரில் மட்டுமே கிடைக்கிற கொடை இது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சப்வூஃபரைத் தேர்ந்தெடுப்பவர், அது ஒருபோதும் வேலை செய்யப்போகாத ஓர் இடத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார்.

இந்தக் கொடையை எந்தப் பெட்டி சரியாக வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் என் முடிவு இருக்கிறது. இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று, எல்லாப் பக்கமும் அடைத்த சீல்டு பெட்டி. இன்னொன்று, துளையும் குழாயும் வைத்த போர்ட்டட் பெட்டி. அடைத்த பெட்டியை ஒரு கொள்கையாக நிறுவியவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். 1954இல் அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏஆர்-1 வந்தபோது, அதற்குள் சிறைப்பட்ட காற்றே ஸ்பீக்கரின் ஸ்பிரிங்காக வேலை செய்தது. அலமாரி அளவு பெட்டிகள் தந்த ஆழத்தை அது சின்னப் பெட்டியில் தந்தது. அதற்குக் கொடுத்த விலை, அதிக வாட். துளையுள்ள பெட்டியின் இயற்பியலை நாம் கடத்தில் பார்த்திருக்கிறோம். கடத்தின் வாயருகே உள்ளங்கையால் தட்டும்போது வருகிற ‘கும்’ என்ற நாதம், பானைக்குள் இருக்கும் காற்று தனக்குரிய ஒரு சுருதியில் அசைவதால் வருவது. போர்ட்டட் பெட்டியும் அப்படித்தான். அதன் குழாய்க்கு ஒரு சொந்தச் சுருதி இருக்கிறது. அந்தச் சுருதியை ஒட்டி அது தாராளமாகப் பேசும். அதற்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபெல் என்ற வேகத்தில் விழுந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் எழுதிய ஒரு கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் எழுதியவையும் இந்தத் துறையைக் கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தன. சப்வூஃபருடன் வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று சில எண்கள் இருக்குமே, அவை இவர்கள் தந்தவை. கோன் தன்னிச்சையாக எந்த அதிர்வில் ஆட விரும்புகிறது, ஆடத் தொடங்கினால் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, அதன் தொங்கல் எத்தனை லிட்டர் காற்றின் நெகிழ்ச்சிக்குச் சமம் என்பதை அவை சொல்கின்றன. இந்த மூன்று எண்களும் தெரிந்தால் பெட்டியின் லிட்டர் கணக்கு வந்துவிடும். இந்தத் தாள் இல்லாத சப்வூஃபரை நான் வாங்கமாட்டேன். எவ்வளவு பளபளப்பான கோனாக இருந்தாலும் சரி.

இந்தக் கணக்குகளோடு ஒரு விதியும் உண்டு. கேஎல்எச் நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் சொன்னது அது. பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகன் அவர். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைந்த சத்தம் ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் கேட்கலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கடையில் யாராவது மூன்றையும் ஒன்றாகத் தருகிறேன் என்றால், அங்கே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

இனி பெட்டியையும் காரையும் சேர்த்துப் பாருங்கள். அடைத்த பெட்டியின் ஒலி, கீழே போகப் போக ஸ்தாயிக்கு 12 டெசிபெல் குறைகிறது. மூடிய கார் ஏறக்குறைய அதே அளவு கூட்டுகிறது. திறந்த வெளியில் பலவீனமாக ஒலிக்கும் ஒரு பெட்டி, டிக்கிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதும் சமமாகிவிடுகிறது. ஒன்றையொன்று அறியாத ஒரு குறையும் ஒரு கொடையும் இப்படிச் சந்தித்து நேராவதை ஒலியியலில் நான் வேறெங்கும் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. பாட்டுக் கேட்பதற்காகக் காரில் சப்வூஃபர் வைப்பவருக்கு, பத்தங்குலம், அடைத்த பெட்டி, உண்மையான 250, 300 வாட் போதும் என்பது என் துணிந்த கருத்து.

இதை எண்களால் மட்டும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, நன்றாகப் பதிவான ஒரு கர்நாடகக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைப் போட வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருஞ்சோறு அதன் ஸ்வரங்களை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று சி.வி. ராமன் 1920இலும் அதற்குப் பின்னும் எழுதினார். என் சோதனைக்கு வேண்டியது மறுபக்கமான தொப்பி. தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி நாதத்தைத் தாழ்த்தியிருப்பார்கள். அதில் தட்டிவிட்டு உள்ளங்கையின் அடியை அழுத்தி நகர்த்தும்போது நாதம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். அதுதான் கும்கி. சப்வூஃபரும் கதவு ஸ்பீக்கரும் கைமாற்றிக்கொள்ளும் எல்லை வழக்கமாக 80 ஹெர்ட்ஸ். கும்கி அந்த எல்லையை ஒட்டிய பகுதியில்தான் உலவுகிறது. இரண்டும் நன்றாகச் சேர்ந்திருந்தால் அது ஒரே கையின் ஒரே வழுக்கலாகக் கேட்கும். தவறான பெட்டியாக இருந்தால் வழுக்கல் காணாமல் போய், எல்லா அடியும் ஒரே சுருதியில் ‘தும், தும்’ என்று விழும். ஆறு வகை நாதத்தை ஒன்றாக்கிவிடும் பெட்டியைப் பேஸ் நிறைந்தது என்று எப்படிச் சொல்வது?

தம்புராவையும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் நான்காவது கம்பியான மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ். அது முன்னால் இருந்து வர வேண்டும். டிக்கியில் இருந்து வரக் கூடாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசையைப் பிரித்தறியக் காதுக்கு அநேகமாக முடியாது. அதனால்தான் பெட்டியைப் பின்னால் வைக்கும் உரிமையே நமக்குக் கிடைக்கிறது. எல்லையை 120, 150 என்று ஏற்றிவிட்டால் அந்த உரிமை போய்விடும். கச்சேரி முன்னாலும் தொப்பி பின்னாலும் பிரிந்து நிற்கும்.

சுமார் ஐம்பது அறுபது லிட்டர் கேட்கும் பன்னிரண்டங்குல போர்ட்டட் பெட்டி, சிறிய காரின் டிக்கியில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அடைத்த பத்தங்குலம் இருபது, இருபத்தைந்து லிட்டரில் ஒரு மூலையில் அடங்கும். குலதெய்வக் கோயிலுக்குப் பித்தளைப் பானையும் விறகும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போகிற குடும்பத்தில் இது அற்ப விஷயமில்லை. சிஎன்ஜி சிலிண்டர் வைத்த கார்களில் அந்த மூலையும் இருக்காது. அவற்றுக்கு இருக்கைக்கு அடியில் படுக்கும் எட்டங்குல ஆக்டிவ் வகை இருக்கிறது. அது பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி வரை வலுவாக இறங்காது. ஒரே அளவு சத்தத்துக்கு, ஒரு ஸ்தாயி இறங்கினால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும் என்பது விதி. மெலிந்த எட்டங்குலத்தால் எவ்வளவு ஆட முடியும்? இருந்தாலும் இருப்பதை நேர்மையாகத் தரும் அது, உருளையாக வருகிற மலிவான பேஸ் டியூபை விடப் பல மடங்கு மேல்.

வாட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘1200 வாட் மேக்ஸ்’ கணக்கில் சேராது. ஆர்எம்எஸ் என்று சின்ன எழுத்தில் இருப்பதே பார்க்க வேண்டிய எண். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியப் பத்து மடங்கு வாட் வேண்டும். 300 வாட் ஆம்ப் உச்சத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து முப்பது ஆம்பியரை ஒட்டி இழுக்கும். ஆகவே ஒயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் கூடாது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். பானட்டுக்கு அடியில் தீப்பிடிப்பதைத் தடுக்கிற பொருள் அது. இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்கும் கடையில் எதையும் மாட்டக் கூடாது.

வாட்டில் மிச்சம் பிடித்த பணத்தைக் கதவிலும் டிக்கி மூடியிலும் ஒட்டும் பியூட்டைல் ஷீட்டுக்குக் கொடுக்கலாம். சப்வூஃபர் வைத்த பலர் கேட்பது பேஸே இல்லை, தகரம். நம்பர் பிளேட் படபடக்கிறது, பின்கண்ணாடி ஓரத்துப் பிளாஸ்டிக் கிறுகிறுக்கிறது. காது அந்தக் கிறுகிறுப்பின் திசையைப் பிடித்துவிடுவதால், மறைந்திருக்க வேண்டிய பெட்டி காட்டிக்கொடுக்கப்படுகிறது. எனக்குத் தெரிந்த நல்ல ஃபிட்டர் ஒருவர், பாட்டைப் போட்டுவிட்டு முதலில் காரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு தகட்டிலும் கை வைத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் நம்மை உட்காரச் சொல்லி, “ஃபேஸ மாத்திப் போடுறேன், எதுல நெறைவா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க சார்” என்பார். டிக்கி நம் காதிலிருந்து கதவு ஸ்பீக்கரைவிட இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி ஆறு மில்லிநொடி பிந்தி வருகிறது. அந்தத் தாமதத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளக்கூடும். ஒரு சின்ன ஸ்விட்சைத் திருப்பியதும் எங்கோ போயிருந்த பேஸ் முன்னால் வந்து உட்காரும். வாட்டைக் கூட்டி வாங்க முடியாதது இப்படிக் கிடைக்கிறது.

போர்ட்டட் பெட்டிகளை நான் இழிவாக நினைக்கவில்லை. கொங்குப் பகுதியின் தனியார் டவுன் பஸ்களில் காலை நேரத்தில் பின்சீட்டுக்கு மேலே இடிக்கிற அந்தப் பெட்டிகள், மில்லுக்கும் கல்லூரிக்கும் போகிற ஐம்பது அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் பாட்டைக் கொடுக்கின்றன. நெரிசலும் ஜன்னல் காற்றும் உள்ள அந்த இடத்தில் கும்கியின் நுட்பம் எடுபடாது. தாளம் எடுபட வேண்டும். உறுமியும் பறையும் திறந்த தெருவில் ஒலிக்கப் பிறந்தவை. அவற்றின் பலத்தைத் திறந்த வெளியில் திருப்பித் தர அடைத்த பெட்டியால் ஆகாது. அங்கே துளையுள்ள பெட்டிதான் சரி. நான் பேசுவது நான்கு கதவு சாத்திய ஒரு காரைப் பற்றி.

அந்தக் காரும் தெருவில்தான் நிற்கிறது என்பதை மறக்க முடியவில்லை. ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்துக்கு மேல் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அளப்பது ‘ஏ’ அளவையில். அந்த அளவை 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபெலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அதாவது சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தையின் தொட்டில் வரை போகக்கூடிய ஒலிதான், மீட்டரில் மிகக் குறைவாகத் தெரிகிறது. சட்டத்தின் காதுக்கு எட்டாத இந்தப் பகுதியை ஓட்டுகிறவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். தெருமுனை திரும்பும்போதே குறைத்துவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இதற்காகவே சப்வூஃபருக்கென்று தனிக் குமிழ் ஒன்றை டேஷ்போர்டுக்குக் கீழே கை எட்டும் தூரத்தில் வைக்கச் சொல்வேன். ஆம்பில் இருக்கும் கெய்னை ஒருமுறை வைத்தபின் தொடக் கூடாது. அன்றாடம் திருப்ப வேண்டியது இந்தக் குமிழைத்தான். மெல்ல வைத்துக் கேட்கும்போது பேஸ் முதலில் மறைவது காதின் இயல்பு. ஃப்ளெச்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். இன்றைய அளவீடுகளின்படி 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெலாக இருக்கும் ஒலிக்கு நிகராகக் கேட்க, 40 ஹெர்ட்ஸில் 80 டெசிபெலுக்கு மேல் வேண்டியிருக்கிறது. இரவில் தாழ்வாகக் கேட்டால் குமிழைச் சற்றுக் கூட்டலாம். ஜன்னலை இறக்கினால் கார் தந்த கொடை வெளியே போய்விடும், அப்போதும் கூட்டலாம். மழைக்கு ஜன்னலை ஏற்றியதும் குறைக்க வேண்டும்.

பாட்டு எந்தக் காலத்தது என்பதும் ஒரு கணக்கு. 1992இல் ‘ரோஜா’ வந்ததற்குப் பிந்தைய பதிவுகள் பலவற்றில் கீழ்ப்பகுதி ஏற்கனவே நிறைந்திருக்கிறது; குமிழ் பாதிக்கு மேல் போகத் தேவையில்லை. எண்பதுகளின் இளையராஜாவுக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். ஜி. ராமநாதன் காலத்துப் பாடல்களில் அந்த ஆழத்தில் பதிவானதே மிகக் குறைவு. அங்கே சப்வூஃபரைக் கூட்டினால் எழுவது பழைய தட்டின் உறுமலும் மின்சார ஹம்மும்தான். அந்தப் பாடல்கள் வரும்போது நான் குமிழை முழுக்கக் குறைத்துவிடுகிறேன். அவற்றின் டபுள் பேஸைக் கேட்க மடங்குகளே போதும். மிச்சத்தை மூளை இன்னும் நிரப்பித் தருகிறது.